மூணே முக்கால் வண்டி

தம்பி, தப்பா நினைக்காதீங்க. திருமங்கலத்துல நான் ஏறி உக்காந்ததுல இருந்து பாத்துக்கிட்டே வர்றேன். அந்தப் போனுக்குள்ள என்னமோ கட்டிக்கிட்டே இருக்கீங்களே, என்ன அது, வீடா? வீடுதானா. சரி. கதவு வச்சாச்சு, ஜன்னல் வச்சாச்சு, வாசல்ல ரெண்டு செடி வேற. அதுல போய் என்னைக்குக் குடியிருக்கப் போறீங்க? பக்கத்து வீட்டுல யாரு, நெதர்லாந்துக்காரனா? பேஷ். அவன்கிட்டப் போய் ஒரு கரண்டி காப்பித்தூள் கடன் வாங்க முடியுமா? முடியாதுல்ல. அப்புறம் என்ன பக்கத்து வீடு.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சவன்தான். இந்தச் சனியனாலதான் இருபத்திரண்டு வருசப் பழக்கம் போச்சு எனக்கு. "அண்ணே, இனிமே நீங்க இந்த வீட்டுக்குள்ள வராதீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா ஒருத்தி. யாரு, என்னைய ஒரு நாளும் காப்பி குடுக்காம அனுப்பாதவ. இப்ப அந்த வீட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன். வராதேன்னு சொன்ன வீட்டுக்கு எதுக்குப் போறீங்கன்னு உடனே கேட்டுறாதீங்க. சொல்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இந்த டிரைவர் உருட்டுற உருட்டுக்கு அதுக்கு மேலயும் ஆகும்.

நான் கண்டக்டர். ரிட்டயர்டு. பேரு குருவையா. இதே ரோடுதான், மதுரை ராஜபாளையம், ராஜபாளையம் மதுரை. கண்ணைக் கட்டிவிட்டாலும் வண்டி குலுங்குற குலுக்கல வச்சு எந்த ஊருன்னு சொல்லுவேன். என் டிரைவர் தவமணி. ஒரே வண்டி, ஒரே டூட்டி, இருபத்திரண்டு வருசம். அவன் ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர், என் ஊரு திருமங்கலம். மாத்தி மாத்தி அவன் வீட்டுச் சோறு நானும் என் வீட்டுச் சோறு அவனும் தின்னோம். என்னைய அவன் "கண்டக்டரே"ம்பான், அவனை நான் "டிரைவரே"ம்பேன். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல.

அவன்கிட்ட ஒரு குணம். பின்னாடி திரும்பிப் பாக்கவே மாட்டான். பின்னாடி நடக்குறதெல்லாம் கண்டக்டர் பொறுப்பு, முன்னாடி நடக்குறது என் பொறுப்பு, அவ்வளவுதான்ம்பான். ஒரு விசில்னா நிப்பாட்டுவான், ரெண்டு விசில்னா எடுப்பான். ஆள் எல்லாம் ஏறி, படி காலியாகி, கண்ணாடியில அவன் கண்ணுக்கே தெரிஞ்சாலும் சரி, ரெண்டு விசில் விழுகாம கியர்ல கை வைக்க மாட்டான். சில கண்டக்டர்மாரு வாயிலயே "போலாம் ரைட்"டும்பாய்ங்க, இல்ல பஸ் தகரத்துல ரெண்டு தட்டுத் தட்டுவாய்ங்க. அதெல்லாம் இவன்கிட்ட ஆகாது. விசில் வேணும். என் விசில் வேணும். நான் லீவு போட்டு வேற ஆள் வந்தா, அன்னைக்கு வண்டி ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஒரு நிமிசம் லேட்டு.

இந்தா, கல்லுப்பட்டி வந்துருச்சு. இங்க ஒரு தடவை தப்பு நடந்துபோச்சு. இருபத்தஞ்சு வருசம் இருக்கும். வளையல் பெட்டியோட ஒரு அம்மா இறங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு கால் பின்படியில, ஒரு கால் தரையில. வண்டி நகந்துருச்சு. அந்தம்மா விழுந்து இடுப்பு எலும்பு போச்சு, வளையல் பூராம் ரோட்டுல. விசாரணையில தவமணியே ஒத்துக்கிட்டான், "விசில் வரல சார், நான்தான் அவசரப்பட்டு எடுத்துட்டேன்"னு. மூணு மாசம் சஸ்பெண்டு. எல்லா டிரைவருக்கும் அப்படி ஒண்ணு ரெண்டு இருக்கும், விடுங்க. அது பழைய கதை. நான் சொல்ல வந்தது வேற.

ரெண்டு பேரும் ஒரே வருசம் ரிட்டயர் ஆனோம். அவனுக்குச் சக்கரை. செருப்புக் கடிச்ச புண்ணு ஆறல. மருந்து போட்டான், கட்டுப் போட்டான், கடைசியில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால். அதுக்கப்புறம் ஆள் படுத்துட்டான். உடம்புக்கு ஒண்ணுமில்ல, டாக்டர் எந்திரிச்சு நடன்னுதான் சொன்னாரு, கட்டைக்கால் வாங்கி வீட்டுல வச்சிருக்கு. இவன் சுவத்தைப் பாத்துப் படுத்தான். ஒரு வருசம், தம்பி. நான் செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை போவேன். போய் அந்தக் கட்டில் ஓரத்துல உக்காந்து டெப்போ கதையெல்லாம் சொல்லுவேன். யாரு பையன் டிரைவரா சேந்திருக்கான், எந்த வண்டி எங்க பிரேக்டவுன் ஆச்சு, எல்லாம். அவன் சுவத்தைப் பாத்துக்கிட்டு "ம்"ம்பான். அந்த "ம்"முக்காக நான் ஒண்ணேகால் மணி நேரம் பஸ் ஏறி வருவேன். நான் போகலன்னா அந்த "ம்"மும் இல்லாம செத்துப்போயிருப்பான். இது நான் பெருமைக்குச் சொல்லல, அவன் பொண்டாட்டி சண்முகக்கனியே சொல்லியிருக்கா. "அண்ணே, நீங்க வந்தாத்தான் இந்த மனுசன் வாயத் தெறக்குறாரு"ன்னு.

அப்புறம்தான் இந்தக் கூத்து. பெங்களூர்ல இருக்க அவன் மக ஒரு கம்ப்யூட்டர் அனுப்பிவிட்டிருக்கா. அதோட ஒரு ஸ்டியரிங்கு, கீழ மிதிக்க ரெண்டு பெடலு, பக்கத்துல ஒரு கியரு. பாக்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒரு செவ்வாக்கிழமை நான் போறேன், கட்டில் காலியா கெடக்கு. என்னாச்சு தங்கச்சின்னு பதறுனா, சண்முகக்கனி வாயெல்லாம் பல்லா "உள் ரூம்ல டூட்டியில இருக்காருண்ணே"ங்கிறா.

போய்ப் பாத்தா, காக்கிச் சட்டை. சத்தியமா சொல்றேன், குளிச்சு, திருநீறு பூசி, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். கீழ கைலி. காதுல ஹெட்போனு, வாய்க்கு முன்னாடி ஒரு குச்சி மைக்கு. முன்னாடி டிவி கணக்கா ஒரு பெட்டி, அதுல நம்ம ரோடு. நம்ம ரோடுன்னா இதே ரோடு. திருமங்கலம் ரயில்வே கேட்டு, கப்பலூர் மில்லு, மேற்கால மலை. யாரோ நம்ம பக்கத்துப் பயலுக நாலஞ்சு பேர் ராப்பகலா உக்காந்து வரைஞ்சு அந்த உலகத்துக்குள்ள ஏத்தி விட்டிருக்காய்ங்களாம். பாத்துக்கங்க, நாட்டுல எவ்வளவு பேருக்கு வேலை இல்லன்னு.

அது ஒரு உலகமாம் தம்பி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஊரு ஊருக்கு, நாடு நாட்டுக்கு ஆளுக உள்ள வர்றாய்ங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பொம்மை. அந்தப் பொம்மை நடக்குது, பேசுது, பஸ் ஸ்டாப்புல நிக்குது, பஸ்சுல ஏறுது. அங்க கல்யாணம் நடக்குதாம். அங்க கோயில் இருக்காம், மணி அடிச்சா தீபாராதனை காட்டுறாய்ங்களாம். துன்னூறு எப்படிடா பூசுவீங்கன்னு கேட்டேன், அது மட்டும் இல்லையாம். இவன் அங்க மூணே முக்கால் வண்டி ஓட்டுறான். எங்க பழைய டூட்டியிலயும் சாயங்கால நடை மூணே முக்காலுக்குத்தான். கிளட்சுக்குக் கால் வேணாமாம், விரல்ல ஒரு பட்டன். அடப் போய்யா. கிளட்ச் இல்லாத வண்டி, டீசல் இல்லாத வண்டி, டிக்கெட்டு இல்லாத வண்டி. எவன் வேணா ஏறலாம், எங்க வேணா இறங்கலாம். செக்கிங் கிடையாது. கண்டக்டர் கிடையாது. அது ஒரு பஸ்ஸா? நீங்களே சொல்லுங்க.

அந்த ரோட்டையாவது ஒழுங்கா போட்டாய்ங்களா? கேட்டைத் தாண்டி இடது பக்கம் இருக்க டீக்கடையை வலது பக்கம் வச்சிருக்காய்ங்க. கல்லுப்பட்டி ஸ்டாப்புல நிழற்குடையவே காணோம். அழகாபுரி வளைவுல ஒரு பள்ளம் உண்டு, அது இல்ல. இதையெல்லாம் நான் நாலு தடவை எழுதிக் குடுத்தேன். வளைவை மட்டும் திருத்தியிருக்காய்ங்க. எனக்கு என்ன அக்கறை, பொய்யா இருந்தாலும் ஒரு ஒழுங்கு வேணாமான்னுதான்.

அதுல ஏறுறதுக்கும் ஆள் இருக்கு, அதைச் சொல்லணும். காதர்னு ஒருத்தன். வத்திராயிருப்புக்காரன், குவைத்துல வேலை. நாலு வருசமா ஊருக்கு வர முடியலயாம். அங்க அவனுக்கு மத்தியானச் சோத்து நேரம். சோத்தைத் தின்னுக்கிட்டே திருமங்கலத்துல ஏறி, ஜன்னலோரமா உக்காந்து, ஒரு வார்த்தை பேசாம வேடிக்கை பாத்துக்கிட்டே வந்து கிருஷ்ணன்கோயில்ல இறங்கிருவான். கிருஷ்ணன்கோயில்ல இறங்கி என்ன பண்ணுவ? அங்க இருந்துல்ல வத்திராயிருப்புக்குத் திரும்பணும்? அந்த ரோட்டைத்தான் அந்தப் பயலுக இன்னும் வரையலயே. இவன் இறங்கி அந்த முக்குலயே நிப்பான். சோத்து நேரம் முடிஞ்சதும் மறைஞ்சுருவான். தினமும் இது ஒரு பொழப்பு.

அப்புறம் யோகேஸ்வரின்னு ஒரு பொம்பள. மலேசியாவுல ஈப்போன்னு ஒரு ஊராம். இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததே இல்ல. அவ தாத்தன் காலத்துல ராஜபாளையத்துல இருந்து கப்பலேறிப் போனவங்களாம். அதுக்கு இந்த ரோட்டுல என்ன வேலை? வேலை முடிஞ்சு வந்து தினமும் ஏறிருவா, ராஜபாளையம் வரைக்கும். இன்னும் அஞ்சாறு பேர் உண்டு. இவனுக்கு ஒரு கூட்டம் சேந்துபோச்சு. அவனைச் சும்மா சொல்லக் கூடாது, ஓட்டுறதுன்னா அவன் ஓட்டுறதுதான். மத்தவய்ங்க அங்க லாரியை எடுத்துட்டு வந்து வேணும்னே பின்னாடி முட்டிட்டுச் சிரிப்பாய்ங்க. கேக்க ஆள் கிடையாது. போலீஸ் ஸ்டேசன் கட்டி வச்சிருக்காய்ங்க, உள்ள ஒரு போலீஸ் இல்ல. இவன் ஒதுங்கிக் குடுத்துட்டு, குழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரி வண்டியக் கொண்டு போவான்.

இப்பக் கேளுங்க. முதல் நாள் நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். திருமங்கலம் ஸ்டாப்பு. ஆள் ஏறியாச்சு. வண்டி நிக்குது. பின்னாடி நாலு வண்டி ஆரன் அடிக்குது. ஹெட்போன்ல இருந்து "அண்ணே எடுங்க, அண்ணே எடுங்க"ன்னு சத்தம் எனக்கே கேக்குது. இவன் எடுக்கல. ஸ்டியரிங்குல கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான். என்னமோ கோளாறுன்னு சண்முகக்கனி நினைச்சா. எனக்குத் தெரியும் அவன் எதுக்கு உக்காந்திருக்கான்னு. ரெண்டு விசிலுக்கு.

என் விசில் இந்தச் சட்டைப் பையிலயேதான் இருக்கும். ரிட்டயர் ஆகியும் எடுத்துப் போடல. இந்தா பாருங்க. அன்னைக்கும் இருந்துச்சு. அவன் என் பக்கம் திரும்பல. திரும்பத்தான் மாட்டானே. நான் அடிக்கல. எதுக்கு அடிக்கணும்? இல்லாத வண்டிக்கு, இல்லாத படியில, இல்லாத ஆளுக்கு விசில் அடிக்க எனக்கென்ன கிறுக்கா? காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு நிமிசம் இருக்கும். அப்ப அந்த ஈப்போக்காரி வாயாலயே "ப்ரீ, ப்ரீ"ன்னு ரெண்டு சத்தம் குடுத்தா. சிரிச்சுக்கிட்டே, விளையாட்டுக்கு. இவன் கியரைப் போட்டான். வண்டி நகந்துச்சு.

அன்னைல இருந்து அவதான் கண்டக்டர். கடையில போய் நிஜ விசிலே வாங்கிட்டாளாம். எனக்கென்ன, யாரும் அடிச்சுட்டுப் போகட்டும். நான் பாட்டுக்குச் செவ்வாக்கிழமை போவேன், பக்கத்துல உக்காருவேன், காப்பியக் குடிச்சுட்டு வருவேன். கதை சொன்னா இவன் "இருங்க கண்டக்டரே, வளைவு வருது"ம்பான். என் கதையவிட அந்த வளைவு பெருசாப்போச்சு. அதுவும் நான் எழுதிக் குடுத்த வளைவு! மத்த நாளும் போக ஆரம்பிச்சேன். வேற எதுக்கும் இல்ல, எவ்வளவு தூரம்தான் போகுதுன்னு பாக்கத்தான்.

பாத்தா, பொய் சொல்றான். அந்த ஆளுககிட்ட இன்னும் சர்வீஸ்ல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கான். இவன் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு, "நாளைக்கு வண்டி வராது, எப்சி டெஸ்டுக்கு விடுறாங்க"ம்பான். அவய்ங்களும் நம்புறாய்ங்க. காலைப் பத்தி மூச்சு விடல. மூணு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து மிச்சக் கால் வீங்கிப்போகுது, பக்கத்துல வச்ச டீ ஆறிப்போகுது, மாத்திரை நேரம் தவறிப்போகுது. சண்முகக்கனி கண்டுக்க மாட்டேங்கிறா. கேட்டா, "சுவத்தைப் பாத்து இருந்ததுக்கு இது எவ்வளவோ தேவலண்ணே"ங்கிறா. நல்லா இருக்குய்யா நியாயம். அப்ப ஒரு வருசம் நான் பேசுனது எதுக்கு?

அன்னைக்கு ஒரு செவ்வாக்கிழமை. கல்லுப்பட்டி ஸ்டாப்பு. அந்தப் பொம்பள ரெண்டு விசில் அடிக்க வேண்டியதை ஒரே விசிலா நீட்டி அடிச்சுட்டா. ஒரு விசில்னா நிப்பாட்டுறதுக்கு. நிக்கிற வண்டிக்கு நிப்பாட்டுற விசிலு! எனக்கு எங்க இருந்துதான் அப்படிக் கோவம் வந்துச்சோ. அவன் தலையில இருந்த ஹெட்போனைப் புடுங்கி, அந்தக் குச்சி மைக்கை வாய்கிட்ட வச்சுக் கத்திட்டேன். "யம்மா, யாருக்கு நீ விசில் அடிக்கிற? அந்தாளு டிரைவரே இல்ல, ரிட்டயர் ஆகி அஞ்சு வருசமாச்சு. அவனுக்குக் கால் ஒண்ணு இல்ல தெரியுமா? கைலியக் கட்டிக்கிட்டுச் சக்கரை மாத்திரை தின்னுக்கிட்டு உக்காந்திருக்கான். இதே கல்லுப்பட்டியில விசில் இல்லாம வண்டிய எடுத்து ஒரு பொம்பளைய விழத்தாட்டுனவன் அவன்"னு.

அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தன் மட்டும், காதராத்தான் இருக்கும், "அண்ணே?"ன்னான். அவ்வளவுதான்.

தவமணி என்னையத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கம்ப்யூட்டரை அணைச்சான். சட்டைப் பட்டனை ஒண்ணு ஒண்ணா கழட்டுனான். காக்கிச் சட்டைய மடிச்சு அந்த ஸ்டியரிங்கு மேல வச்சான். சுவத்தைப் புடிச்சுப் புடிச்சு நொண்டிப் போய்க் கட்டில்ல படுத்தான். சுவத்தைப் பாத்து. நான் "என்ன டிரைவரே, உண்மையத்தான சொன்னேன்"னேன். "ம்"முன்னு கூட வரல.

வாசல்ல வச்சுத்தான் சண்முகக்கனி அதைச் சொன்னா. இனிமே உள்ள வராதீங்கன்னு. ஒரு விளையாட்டுச் சாமானுக்காக, தம்பி! இருபத்திரண்டு வருசச் சோத்தை மறந்துட்டா. போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறா. அவனும் எடுக்க மாட்டேங்கிறான். ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு. ஆள் இருக்கானா போயிட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாருகிட்டக் கேக்க?

அதுக்குத்தான் உள்ள போனேன். எங்கன்னா கேக்குறீங்க, அதுக்குள்ளதான். எங்க தெருவுல செல்போன் கடை வச்சிருக்க பொண்ணுகிட்டப் போயி, அந்த பஸ்ஸு உலகத்தை இந்தப் போன்ல ஏத்திக் குடு தாயின்னேன். உளவு பாக்கத்தான், வேற ஒண்ணுமில்ல. பொம்மை செய்யணும்னுச்சு. முடி வைக்கவா தாத்தான்னு கேட்டுச்சு. பொய் எதுக்கு, வழுக்கையாவே போடுன்னேன். அப்புறம் பாத்துட்டுப் பக்கவாட்டுல மட்டும் கொஞ்சம் வையின்னேன். காக்கிச் சட்டை இருக்கான்னு கேட்டேன். சும்மா கேட்டேன். இருந்துச்சு.

மூணரைக்குப் போயி திருமங்கலம் ஸ்டாப்புல நிக்கிறேன். டீக்கடை இன்னும் வலது பக்கம்தான் இருக்கு, அதைச் சொல்லிடுறேன். பாத்தா ஸ்டாப்புல எட்டுப் பேர் நிக்கிறாய்ங்க. மூணே முக்கால் ஆச்சு, வண்டி வரல. நாலு ஆச்சு, வரல. ஒருத்தரும் போகல. சேலை கட்டுன ஒரு பொம்மை என்கிட்ட வந்து, "ஐயா புதுசா? நம்ம பஸ்ஸுக்குத்தான் நிக்கிறீங்களா?"ன்னுச்சு. குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு, ஈப்போக்காரி. நான் யாருன்னு சொல்லல. ஆமா, வண்டி வருமான்னேன்.

"மூணு வாரமா வரல. வரும் லா, நாங்க தினமும் வந்து நின்னுட்டுத்தான் போறோம்"ன்னா. அந்த "லா" அவ ஊருப் பேச்சு.

"அந்த டிரைவருக்குக் கால் இல்லையாமே, ரிட்டயர் ஆயிட்டாராமே"ன்னு வாயைக் கிளறுனேன்.

அதுக்குக் காதர் சொல்றான், "அதனால என்னங்க? எனக்கு நாலு வருசமா ஊரே இல்ல"ங்கிறான்.

எப்படி இருக்கு பதிலு? அது கூடப் பரவாயில்ல. அப்புறம் அந்தப் பொம்பள சொன்னா. "எங்களுக்குக் கவலை அண்ணனைப் பத்தி இல்லைங்க, அவரோட கண்டக்டரப் பத்தித்தான். அன்னைக்கு அவ்வளவு கோவமாப் பேசிட்டாரு. அண்ணன் எப்பவும் அவரப் பத்தித்தான் பேசுவாரு. பின்படி பக்கத்துல இருக்க கண்டக்டர் சீட்டுல யாரையும் உக்கார விட மாட்டாரு. நான் விசில் அடிக்கிறேன்ல, நானே நின்னுக்கிட்டுத்தான் வருவேன். அது என் கண்டக்டர் சீட்டு, அவரு இங்கதான் என் பக்கத்துல இருக்காரு, கொஞ்சம் பிகு பண்ணுறாரு, ஒரு நாளைக்கு வருவாருன்னு சொல்லுவாரு. என் கண்டக்டர் விசிலு ஒரு நாளும் தப்புனதில்லம்மான்னு சொல்லுவாரு."

பாத்தீங்களா கூத்தை. இல்லாத வண்டியில ஒரு காலிச் சீட்டு, அதுக்கு ஒரு ரிசர்வேசன். என்னத்தச் சொல்ல.

கிருஷ்ணன்கோயில் வந்துருச்சா? அதுக்குள்ளயா? அந்தா அந்த முக்குலதான் நிப்பான் காதரு.

தம்பி, போனைக் கொஞ்சம் கீழ வைங்க. ஒரு நிமிசம். கல்லுப்பட்டியில உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்ல. விசில் இல்லாம எடுத்தான்னு. அன்னைக்கு விசில் வந்துச்சு. ரெண்டு விசிலு. நான்தான் அடிச்சேன். கூட்டம் நெறிய முன்னாடி நின்னு டிக்கெட்டுக் கிழிச்சுக்கிட்டு இருந்தேன். பின்படியை எட்டிப் பாக்கல. பாக்காமலே அடிச்சேன். அப்ப நான் வேலைக்குச் சேந்து ரெண்டு வருசம் முடியல, வேலை நிரந்தரமாகல, வீட்டுல மூத்தவ கைக்குழந்தை. விசாரணைக்குள்ள போறதுக்கு முன்னாடி தவமணி என்கிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னான். "நீங்க பேசாதீங்க கண்டக்டரே"ன்னான். நான் பேசல. மூணு மாசம் அவன் வீட்டுல உக்காந்தான். திரும்பி வந்து, இதே கண்டக்டரையே போடுங்கன்னு கேட்டு வாங்குனான். அதுக்கப்புறமும் என் விசிலைக் கேட்டுத்தான் எடுத்தான், திரும்பிப் பாக்காம. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசுனதே இல்ல. ஆனா பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்கான் போல. வாசல்ல வச்சு அவ சொன்னது வராதீங்கங்கிறது மட்டும் இல்ல. "அண்ணே, காலைப் பத்திச் சொன்னீங்க, பொறுத்துக்குவேன். கல்லுப்பட்டியப் பத்தி நீங்க சொல்லலாமா? வேற யாரு சொன்னாலும் நீங்க சொல்லலாமா?"ன்னா. அப்புறம்தான் வராதீங்கன்னா.

சரி, அதை விடுங்க. நான் எதுக்குப் போறேன்னு கேட்டீங்கள்ல. நீங்க கேக்கலயா? கேட்ட மாதிரி இருந்துச்சு. அவன் ரூம் ஜன்னல் தெருப் பக்கம். அவ வீட்டுக்குள்ள வராதீங்கன்னுதான சொன்னா, தெருவுல நிக்காதீங்கன்னு சொல்லலயே. மூணே முக்காலுக்கு ஜன்னலுக்கு வெளிய நின்னு ரெண்டு விசில் அடிக்கப் போறேன். அது காதுல விழுந்தா படுத்திருக்க மாட்டான். ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்துப் படுத்திருந்தப்பவே வெளிய ரோட்டுல ஒரு பஸ்ஸு விசிலுக்குக் கை கியருக்குப் போச்சுன்னு நர்ஸ் சொல்லுச்சு.

அவன் எந்திரிச்சு வந்து உக்காந்தா, அந்தக் குச்சி மைக்குல நான் ரெண்டு வார்த்தை பேசணும். அன்னைக்கு எட்டுப் பேர் கேக்கச் சொன்னேன்ல, அதே எட்டுப் பேர் கேக்கச் சொல்லணும், அந்த விசில் யாரு அடிச்சதுன்னு. எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு. டெப்போவுல சொல்லல, விசாரணையில சொல்லல, என் பொண்டாட்டி சாகுற வரைக்கும் அவகிட்டக் கூடச் சொல்லல. போயும் போயும் இடது பக்கத்து டீக்கடைய வலது பக்கம் கட்டி வச்சிருக்க ஊருல, பொம்மை எட்டு நிக்குற ஸ்டாப்புல போயிச் சொல்லணும்னு என் தலையில எழுதியிருக்கு. நல்லவேளை, அங்க துன்னூறும் இல்ல, போலீசும் இல்ல.

இந்த விசிலை அடிச்சுக் காட்டச் சொல்றீங்களா? சும்மா இருங்க தம்பி. ஓடுற வண்டிக்குள்ள அடிச்சா இந்த டிரைவர் என்னமோ ஏதோன்னு பிரேக்கப் போடுவாரு. நிக்குறப்ப அடிச்சா அதவிட மோசம். யாராவது இறங்கிக்கிட்டு இருப்பாங்க.

மணி என்ன? மூணு இருபதா? நேரம் இருக்கு. கண்டக்டரே, எனக்கு பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்பு, ஒரு விசில் குடுங்க. வரட்டுமா தம்பி. அந்த வீட்டை முடிச்சிருங்க, பாதியில விடாதீங்க. கண்ணுக்கு லட்சணமாத்தான் இருக்கு, நான் சும்மா சொன்னேன். ஜன்னலை மட்டும் தெருவைப் பாத்து வைங்க.

என்ன கேக்குறீங்க? அவன் எந்திரிச்சு வரலன்னாவா? வரலன்னா நாளைக்கும் வருவேன். நாளை மறுநாளும் வருவேன். எனக்கு வேற என்ன டூட்டி. ஆனா ஒண்ணு, வந்து உக்காந்தான்னா, இந்தத் தடவை பின்படியை எட்டிப் பாத்துட்டுத்தான் அடிப்பேன். சிரிக்காதீங்க. இல்லாத வண்டிக்குப் படி ஏதுங்கிறீங்களா? கிருஷ்ணன்கோயில்ல காதர் இறங்குவான் தம்பி.